பெஹாலா அண்ணாச்சியின் சுவர்

கண்ணா,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் அப்பாவின் பெயரில் விளையாட்டுக்குள் போய் ஒரு சுவரைச் சுட்டது. பல் துலக்கவில்லை, பால் காய்ச்சவில்லை. வெளியே இந்த வருஷத்தின் முதல் மழை தொடங்கியிருந்தது. நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். கூடத்து மூலையில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் போடும் இரைச்சலை மழை மூடிக்கொண்டது. பயிற்சி மைதானத்தில் இருக்கிற அந்தச் சாம்பல் நிறச் சுவருக்கு எதிரே நின்று, குறியை ஓரிடத்தில் வைத்து, தோட்டா தீரும்வரை பொத்தானை விடாமல் அழுத்தினேன். பிறகு கிட்டே போய்த் துளைகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவை தாமாகவே மறைந்துவிடும். மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

சில மாதங்களாக இப்படிச் செய்துவருகிறேன். உன்னிடம் சொன்னதில்லை. இதைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வங்காளத்தை நீ ஓட்டமாக வாசிப்பாய். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாய். அப்படியே மெதுவாகப் படி. பெங்களூருக்கு ரயில் நெடுநேரம் போகும். இதில் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. அவசரமாகத் தெரிந்திருக்க வேண்டியது எல்லாம் போன மழைக்காலத்தோடு முடிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அப்பாவும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் நடுவில் வடைத் தட்டோடு நிற்பேன். மேல்வீட்டு பௌதி படியிறங்கும்போது எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல வாராவாரம் யுத்தமா?" என்று கேட்டுவிட்டு ஒரு வடையை எடுத்துக்கொண்டு போவாள். அப்பா அந்த விளையாட்டில் நம் பேட்டையின் பெயரைச் சேர்த்துத் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பெஹாலா அண்ணாச்சி'. திருநெல்வேலியை விட்டு வங்காளத்துக்கு வந்து இத்தனை வருஷம் சால்ட் லேக் ஆபீசில் ஃபைல் தள்ளியவருக்கு, அந்தப் பெயர் ஒன்றுதான் அவரே தேடிக்கொண்ட பதவி.

ஒருநாள் நான் கேட்டேன், நீ இவ்வளவு கவனமாகக் குறிவைக்கிறாயே, ஏன் சில தோட்டா விலகிப் போகிறது என்று. நீ விளையாட்டை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். "ரெண்டு காரணம்மா. ஒண்ணு, சுடச்சுட கன் மேல ஏறும். ஆனா எப்பவும் ஒரே மாதிரிதான் ஏறும். பழகிட்டா கையாலயே கீழ இழுத்துச் சரி பண்ணிடலாம். அது திறமை. இன்னொண்ணு ஸ்ப்ரெட். குறியைச் சுத்தி ஒரு வட்டம் இருக்கு. அந்த வட்டத்துக்குள்ள தோட்டா எங்க போகும்னு மெஷின் தாயம் போட்டு முடிவு பண்ணும். அதை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒண்ணுமேவா?"

"வட்டத்தைச் சுருக்கலாம். ஓடாம நின்னு சுட்டா சுருங்கும். குனிஞ்சா இன்னும் சுருங்கும். ஜீரோ ஆகாது."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எலேய், நின்னு சுடுததுக்கு நான் என்ன போட்டோவா புடிக்கேன்?" அவர் எப்போதும் ஓடிக்கொண்டேதான் சுடுவார். வட்டம் அவருக்கு வண்டிச் சக்கரம் அளவுக்கு இருக்கும். நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பதால் அதில் பாதி மறந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நீ சொன்னது எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று ஒரு சுவரில் துளை போட்டே காட்டிவிடலாம் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அந்தப் பந்தயத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா வங்காளத்தைத் திருநெல்வேலி இழுவையில் சரளமாகப் பேசுவார், காய்கறிக்காரனிடம் பேரம் பேசி அவனையே சிரிக்க வைப்பார். ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. இங்கே வந்த நம்மவர்கள் பலரும் இப்படித்தான். பேச்சோடு நிறுத்திக்கொள்வோம், எப்படியும் ஊருக்குத் திரும்பப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே தலை நரைத்துவிடும். "பஸ்ஸுக்கு நம்பர் இருக்கு, கத்திரிக்காய்க்கு மூஞ்சி இருக்கு, எழுத்து என்னத்துக்குட்டீ?" என்பார் என்னிடம். பிறகு திடீரென்று ஒருநாள் ஆசை வந்துவிட்டது, உன்னிடம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். நீ விளையாட்டாகச் சொன்னாய்: "ஒரு ரவுண்ட் ஜெயிங்க, ஒரு எழுத்து சொல்லித் தரேன்."

அவர் எப்படி ஜெயிப்பார்? நீ நின்று, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடுகிறவன். அவர் ஓடிக்கொண்டே வானத்துக்கும் பூமிக்கும் தோட்டாவை இறைக்கிறவர். ஆனாலும் எப்போதாவது ஒரு தோட்டா அந்தப் பெரிய வட்டத்தின் ஓரத்திலிருந்து கிளம்பி உன் நெற்றியில் வந்து விழும். நீ குதிப்பாய். "அநியாயம்ப்பா! நான் தலைக்குக் குறி வெச்சு நிக்கறேன். நீங்க ஆகாசத்தைப் பாத்துச் சுட்டீங்க!"

"ஆகாசத்துல நீ நின்னுட்டிருந்திருக்கேலே. எழுத்தைச் சொல்லு."

சாப்பாட்டு மேசையில் தண்ணீரைத் தொட்டு எழுதிக் காட்டுவாய். வரிசையாகப் படிக்க மாட்டேன் என்றார். பஸ் நெற்றியில் பெஹாலாவுக்கு முதலில் இருக்கிற எழுத்துதான் முதலில் வேண்டும் என்றார். அதைத் தெரிந்துகொண்ட அன்று மாலை நடைக்குப் போய்விட்டு வந்து, கடைப் பலகைகளில் எங்கெங்கே அந்த எழுத்தைப் பார்த்தேன் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஐந்தாறு எழுத்துகள் ஜெயித்திருப்பார். அதோடு மழைக்காலம் வந்தது.

கண்ணாடி மாற்றப் போனார். குறி சரியாகத் தெரியவில்லை, உன்னோடு விளையாட நல்ல கண்ணாடி வேண்டும் என்றுதான் போனார். நகரத்தின் நடுவே, பழைய வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு சந்தில் அந்தக் கடை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மாடி வராந்தாவின் கீழே ஒதுங்கினார். மேலே வராந்தா விளிம்பில் நீட்டியிருந்த காரைப் பட்டி, கார்னிஸ் என்பார்கள், அதில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. இதற்குமேல் உனக்கும் எனக்கும் தெரிந்ததை எழுத வேண்டாம்.

மறுநாள் நீ அங்கே போய் ஒரு படம் எடுத்துவந்தாய். அந்த வீட்டுச் சுவரில் ஒரு பலகை. 'ஆபத்தான வீடு' என்று வங்காளத்தில் எழுதியிருக்கிறது என்றாய். வேறு எந்த மொழியிலும் எழுதவில்லை. "இது விபத்து இல்லம்மா. போர்டு இருக்கு. படிச்சிருந்தா தள்ளி நின்னிருப்பார்" என்று சொன்னாய். பிறகு, என்னைப் பார்க்காமல், "ரவுண்ட் ஜெயிக்கணும்னு சொன்னேன்ல" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதைப் பற்றி நாம் பேசவில்லை. அந்தப் பலகையின் முதல் எழுத்து பஸ் நெற்றியில் இருக்கிற அதே எழுத்து என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்பா அதைப் பார்த்திருப்பார். நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே, தெரிந்த எழுத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதன் கீழேயே நின்றிருப்பார். இதை நினைக்காமல் நான் தூங்கிய நாள் கிடையாது.

அதற்குப் பிறகு நீ நடுத்தெருவில் நடக்க ஆரம்பித்தாய். மேலே பார்த்துக்கொண்டே நடப்பதால் எதிரே வருவது தெரியவில்லை. டைமண்ட் ஹார்பர் ரோட்டில் ஆட்டோ இடித்து முழங்கை கிழிந்து வந்த அன்று, "கதவுல பட்டுடுச்சு" என்றாய். என்னை பால்கனியில் நிற்க விடுவதில்லை. துணி உலர்த்தப் போனால் கூடவே வந்து நிற்கிறாய். பெங்களூரில் வேலை கிடைத்ததும் முதலில் வீடுதான் பார்த்தாய், கடைசி மாடியில். ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, "மேல ஒண்ணும் இருக்காதும்மா" என்றாய். இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறாய். என் பெட்டியையும் நீயே கட்டிவைத்திருக்கிறாய்.

உன்னோடு செக்டர் ஃபைவில் அந்த விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற ரிமி, நீ ராஜினாமா கொடுத்த வாரம் என்னைப் பார்க்க வந்தாள். நீ வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யுத்தங்களில் அவளும் சில தடவை சேர்ந்துகொண்டவள்தானே, அப்பாவைச் சித்தப்பா முறையில் 'அண்ணாச்சி காக்கு' என்றும் என்னைக் 'காக்கிமா' என்றும் கூப்பிடுவாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "காக்கிமா, நீங்க வீட்டுல பாக்கறது வேற. எங்க கம்பெனி கேம்ல துப்பாக்கியை எல்லாம் டியூன் பண்றது அவன்தான். எல்லாத்துக்கும் ஸ்ப்ரெட்டை ஜீரோ ஆக்கிட்டான். குறி வெச்ச இடத்துல மட்டும்தான் தோட்டா போகணுமாம். கெஞ்சிப் பாத்துட்டோம், மாத்தவே மாட்டேங்கறான்."

"அதனால என்ன? நல்லா ஆடறவங்க ஜெயிப்பாங்க, அவ்வளவுதானே?"

"அவங்க மட்டும்தான் ஜெயிப்பாங்க. புதுசா வர்றவன் யார் சுட்டாங்கன்னு தெரியறதுக்குள்ள செத்துடறான். ரெண்டு நாள்ல விட்டுட்டுப் போயிடறான். தூரத்துல இருக்கறவனை மூச்சுவிடாம அடிக்கற நாலு பேர் மட்டும் மிச்சம். ஆளில்லாத ஊர் மாதிரி இருக்கு." அவள் கூடத்து மூலையைப் பார்த்தாள். "இதுல அண்ணாச்சி காக்கு ஒரு ரவுண்ட்கூட ஜெயிக்க முடியாது காக்கிமா."

அவள் போன பிறகுதான் நான் அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து, முதல்முறையாகப் போட்டேன். கடவுச்சொல் எழுதவே தேவைப்படவில்லை. 'மீண்டும் வருக, பெஹாலா அண்ணாச்சி' என்று ஆங்கிலத்தில் வந்தது. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எதற்காகச் சுவரைச் சுடுகிறேன் என்று கேட்பாய். துப்பாக்கி மேலே ஏறுவது எல்லோருக்கும் ஒரே மாதிரி. வட்டத்துக்குள் நடப்பது யாருடையதும் இல்லை. மிச்சம் இருப்பது கை. நாலாவது தோட்டாவுக்குள் பதறி அதிகமாகக் கீழே இழுத்துவிடுவார் அப்பா. துளைகள் இடது பக்கமாகச் சரிந்து இறங்கும். அவர் எழுதும் ஆங்கிலக் கையெழுத்தின் கடைசிக் கோடு மாதிரியே இருக்கும். அந்தச் சரிவை என் கையால் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்கிறேன். வருவதில்லை. ஒரே ஒரு தடவை வந்தது. கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறைந்துவிட்டது. அது என் கை செய்ததா, வட்டம் செய்ததா என்று எனக்குத் தெரியாது.

இப்போது நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். ஹால்தார் பாபு, அந்தக் கண்ணாடிக் கடைக்காரர். நீ ஆபீசுக்குப் போயிருந்தாய். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அது சொட்டிச் சொட்டி அவர் வேட்டி முழுக்க நனைந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு அவரும் அப்பாவோடு அதே வராந்தாவின் கீழேதான் நின்றிருக்கிறார். தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. அப்பா அவரிடம் அந்தப் பலகையைக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தாராம். அதற்குள் சந்து முனையில் ஒரு ரிக்ஷா தெரிந்தது. ஹால்தார் பாபு அதைக் கூப்பிட ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"நீங்க அந்தத் தெருக்காரர். அந்தப் போர்டைப் படிச்சதில்லையா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

என்னை அண்ணி முறை வைத்து, "பௌதி, அந்த போர்டு மாட்டினதுலேருந்து தினம் பாக்கறேன். தினம் பாக்கறதை யார் படிக்கிறா?" என்றார். பிறகு, "நான் ரிக்ஷாவைக் கூப்பிடத்தான் போனேன். அவருக்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னார். டீயைத் தொடவில்லை.

படிக்கத் தெரிந்தவரும் அங்கேதான் நின்றார், கண்ணா. பிறந்ததிலிருந்து அந்த எழுத்தோடு வாழ்கிறவர். அன்றைக்கு மழையில் அந்தச் சந்தில் இருந்த எல்லோரும் ஏதோ ஒரு பழைய வீட்டின் கீழேதான் ஒதுங்கியிருப்பார்கள். நீ எல்லா எழுத்தையும் சொல்லிக்கொடுத்திருந்தால் வட்டம் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம். இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அது உனக்குப் போதவும் போதாது. ஆனால் வட்டம் ஜீரோ ஆகியிருக்காது. இதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்றால், நீ ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் நின்றுகொண்டிருந்தாய். அதையும் உருவிவிட்டால் எங்கே நிற்பாய் என்று பயந்தேன். குற்றம் என்றாலும் அது ஒரு தரை. அந்தத் தரை உன்னைக் கடைசி மாடி வரைக்கும் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் விளையாட்டில் செத்த பிறகு, கொன்றவன் கண்ணிலிருந்து அதை மறுபடி காட்டுவார்களே, அது எனக்குப் பகலிலேயே ஓடுகிறது. பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓடுகிறது. ஆனால் கொன்றவன் யாரும் இல்லாததால் நான் கார்னிஸ் இருந்த இடத்திலிருந்து கீழே பார்க்கிறேன். மழைக்கு நடுவே இரண்டு தலைகள். ஒன்று முன்னால் நகர்கிறது. மற்றது சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ படிக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அதில் குறி இல்லை. குறிவைத்தவர்கள் யாரும் இல்லை. நீயும் இல்லை. அதைத்தான் உனக்குக் காட்ட விரும்பினேன், ஆனால் அதை நான் மட்டும்தான் பார்க்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் நடந்ததை நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மேல்வீட்டில் பௌதி விளக்கேற்றிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தாள். நீ வெளியே போயிருப்பதாக நினைத்துச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. உன் பெயர். நீ அழைக்கிறாய், சேர்ந்துகொள்வாயா, ஆம், இல்லை. நீ அறைக்குள்தான் இருந்திருக்கிறாய். உன் விளையாட்டு நண்பர்கள் பட்டியலில் பெஹாலா அண்ணாச்சிக்குப் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். உன் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்தால் யாரென்று தெரிந்துவிடும். நீ திறக்கவில்லை. நான் எதையும் அழுத்தவில்லை. பெட்டி தானாகவே மறைந்தது. சாப்பிடும்போது நீ, "தயிர் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாய். உன் கண் சிவந்திருந்தது. நீ கதவைத் திறக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். யாராக இருக்கும் என்று தெரியாத வரைக்கும் அது அவராக இருக்கலாம்.

உனக்குச் சொல்ல அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நின்று சுடு. குனிய வேண்டிய இடத்தில் குனி. பலகை இருந்தால் படி. முடிந்த அளவு வட்டத்தைச் சுருக்கு. அதற்குப் பிறகும் விலகிப் போகிற தோட்டாவை உன் கையில் தேடாதே. உன்னை நெற்றியில் அடித்து ஒரு எழுத்தை வாங்கிக்கொண்டு போனதும் அதே வட்டம்தான். அதை ஜீரோ ஆக்கினால் அப்பா ஜெயித்த அந்த ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து அழிக்கிறாய்.

காலையில் கடைசியாக ஒரு தடவை சுவரைச் சுட்டேன். துளைகள் மறையும்வரை நின்றேன். பிறகு பெஹாலா அண்ணாச்சியை வெளியேற்றினேன். இனி அந்தப் பெயர் உன் பட்டியலில் எரியாது.  அதே நாற்காலியில் உட்கார்ந்து என் சொந்தப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். ஒன்றுமில்லாத ஆளுக்குத் தருகிற முதல் துப்பாக்கியைத் தந்தார்கள். ரிமி சொல்கிறாள், அதற்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய வட்டமாம்.

நான் உன்னோடு பெங்களூருக்கு வரப்போவதில்லை. இது இன்னும் யாருக்கும் தெரியாது. ரிமிக்குத் தெரியாது, மேல்வீட்டு பௌதிக்குத் தெரியாது. நீ கட்டிய பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வருவேன், உன்னை ஏற்றிவிட்டுப் பெட்டியோடு திரும்பி வருவேன். உன் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே இதை வைத்திருப்பேன், எழுத்துக்கூட்டி நீ இந்த இடத்துக்கு வரும்போது ரயில் வெகுதூரம் போயிருக்கும். மழையில் எங்கேயாவது ஒதுங்க வேண்டியிருந்தால் ஒதுங்குவேன். ஒதுங்குமுன் நிமிர்ந்து பார்ப்பேன், எதையாவது எழுதியிருந்தால் படிக்க முயல்வேன். அதற்கு எனக்கு எழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் திரையில் ஒரு பெட்டி வரும். இந்தத் தடவை நான் அழைப்பேன். ஒரு ரவுண்டுக்கு ஒரு எழுத்து, அப்பா நிறுத்திய இடத்திலிருந்து. நீ நின்று, குனிந்து, உன் திறமை முழுவதையும் காட்டியே சுடு, எனக்காக விட்டுக்கொடுக்காதே. நான் ஓடிக்கொண்டேதான் சுடுவேன்.

அம்மா